சேற்றில் இறங்கினால்தான் மதிப்பெண்!

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் எப்படிப் போகின்றன? பிள்ளைகளை அனுப்பும் முன் விவசாயக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கூடங்குளத்தை விட்டு வெளியே வந்தால் கடல் பக்கம் அணுமின் நிலையம், மற்ற பக்கமெல்லாம் காற்றாலைகள். அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013 அக்டோபரில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து பிளஸ் டூ முடிவு வரும் நாளில் இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "ஒரு டிப்ளமோ போட்டுட்டா உள்ள கான்ட்ராக்ட்லயாவது வேலை கிடைக்கும். இல்லாட்டி காத்தாடிக் கம்பெனி இருக்கு" என்பார்கள்.

அதே வீடுகளுக்குப் பின்னால் முருங்கைத் தோட்டம் இருக்கிறது. தென்னை இருக்கிறது. பனை நிற்கிறது. ராதாபுரம் வட்டாரத்தில் கால்வாய்த் தண்ணீர் வந்த வருஷம் குளம் பெருகும். வராத வருஷம் கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று "நான் அக்ரி படிக்கப்போறேன்" என்றால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ஏ மக்கா, நாங்க பட்ட பாடு போதாதா? படிச்சிட்டும் சேத்துல நிக்கணுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், வேளாண் படிப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. கரும்பலகையைப் பார்த்து எழுதிப் பட்டம் வாங்கும் படிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நான்கு வருஷமும் மண்வெட்டி பிடிக்கும் வேலை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை.

பொருநைக் கரையில் ஒரு கல்லூரி

கூடங்குளத்திலிருந்து வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி வந்து, தூத்துக்குடி சாலையில் போனால் வல்லநாடு. வெளிமான் சரணாலயத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கேதான் இருக்கிறது கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கோயம்புத்தூர், மதுரைக்கு அடுத்த மூன்றாவது வேளாண்மைக் கல்லூரியாக 1984-85ல் தொடங்கப்பட்டது. இப்போது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இடம் பொருத்தமான இடம். மேற்கே போனால் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நிறைந்த தாமிரபரணி நஞ்சை. ஆற்றைவிட்டு விலகினால் மானாவாரிக் கரிசல். தெற்கே தேரி மணல். நெல், வாழை, உளுந்து, பருத்தி, முருங்கை என்று ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நிலமும் பயிரும் மாறிவிடும். அம்பாசமுத்திரத்தில் 1937லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இட்லிக்குப் பேர்போன அம்பை 16 ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

முதல் பாடம்: பெயர் சொல்லு

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தேறிய பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி, செய்முறைத் தேர்வு. மேசையில் வரிசையாக விதைகள், உரங்கள், களைகள், பூச்சிகள், நோய் தாக்கிய இலைகள். ஒவ்வொன்றையும் பார்த்த உடனே பெயர் எழுத வேண்டும். கோரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் களைக்கொல்லி பற்றிப் பேச முடியாது அல்லவா?

இதற்காகவே களைச் செடிகளைப் பறித்து, காய வைத்து, அட்டையில் ஒட்டித் தொகுப்பு செய்ய வேண்டும். பூச்சியியலுக்குப் பூச்சிப் பெட்டி. கையில் வலையோடு வரப்பு வரப்பாக அலைந்து பிடித்த பூச்சியைக் குண்டூசியில் குத்தி, பெயர் எழுதி வைக்க வேண்டும். ராத்திரி விளக்கடியில் வந்து விழும் வண்டுக்காக விடுதிப் பிள்ளைகள் காத்திருப்பதும் உண்டு.

வீட்டில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு இங்கே ஒரு கை கூடுதல். ஆனால் அதுவே தடுமாற்றமும் ஆகும். அப்பா 'புகையான்' என்று சொன்னதைப் புத்தகம் 'ப்ரௌன் பிளான்ட் ஹாப்பர்' என்கிறது. 'ஆனைக்கொம்பன்' என்றது 'கால் மிட்ஜ்' ஆகிறது. 'குருத்துப்பூச்சி', 'ஸ்டெம் போரர்' ஆகிறது. பாடம் ஆங்கிலத்தில், பயிர் தமிழில். இரண்டையும் ஒரே தலைக்குள் சேர்த்துவைக்கும் வேலை நான்கு வருஷமும் தொடரும்.

சொந்தப் பாத்தி, சொந்தக் கணக்கு

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் 'செய்முறைப் பயிர் சாகுபடி' என்று ஒரு பாடம் உண்டு. பெரும்பாலான பாடங்களில் கோட்பாடும் செய்முறையும் கலந்திருக்கும். இதில் கோட்பாட்டு வகுப்பே கிடையாது. மாணவர்களுக்கு வயல் ஒதுக்கப்படும். நிலம் தயாரிப்பது, விதைநேர்த்தி, நாற்றங்கால், நடவு, உரம், தண்ணீர், களை, பூச்சி நோய்க் கட்டுப்பாடு, அறுவடை, அடிப்பு, காயவைப்பு, தூற்றல், சேமிப்பு, விற்பனை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

நம் வாசகர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு படியையும் அளந்து, குறித்து, காரணம் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதுதான் வித்தியாசம். விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டால் பதரும் அரைமணியும் மிதக்கும், கெட்டியான விதை அடியில் தங்கும். கரைசல் சரியா என்று பார்க்க முட்டை போதும். அது மிதந்து, மேலே ஒரு நாணய அகலத்துக்குத் தெரிய வேண்டும். தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து ஊறவைக்க வேண்டும்.

மேலுரம் இடுவதற்கு இலை வண்ண அட்டை. நட்ட 14வது நாளிலிருந்து வாரம் ஒருமுறை 10 குத்துகளில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு வைத்துப் பார்க்கிறார்கள். பத்தில் ஆறு இலையாவது அந்த ரகத்துக்குக் குறித்த எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால்தான் யூரியா. பக்கத்து வயலில் போட்டான் என்பதற்காக இங்கேயும் ஒரு மூட்டை வீச முடியாது. ஏன் போட்டாய் என்று கேட்டால் பதில் வேண்டும்.

கடைசியில் வருவதுதான் கஷ்டமான பகுதி. ஒவ்வொரு மாணவரும் வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். தனி ஆளாக எவ்வளவு செலவு, எவ்வளவு நிகர வருமானம். 8 முதல் 10 பேர் கொண்ட குழுவாக எவ்வளவு. நட்டம் என்றால் நட்டம் என்றே எழுத வேண்டும்.

பண்ணை மேலாண்மை வகுப்பில் இந்தக் கணக்குக்கு இன்னும் ஆழம் சேர்கிறது. விதை, உரம், கூலி என்று கைவிட்டுக் கொடுத்த செலவு 'ஏ2'. அதோடு வீட்டு ஆள்கள் பார்த்த வேலைக்குக் கூலி போட்டுச் சேர்த்தால் 'ஏ2 கூட்டல் குடும்ப உழைப்பு'. சொந்த நிலத்துக்கு வாடகையும் போட்ட முதலுக்கு வட்டியும் சேர்த்தால் 'சி2'. மத்திய அரசு ஆதரவு விலையை நடுவில் உள்ள கணக்கை வைத்து ஒன்றரை மடங்கு என்கிறது. விவசாயச் சங்கங்கள் சி2வை வைத்துக் கேட்கின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி என்ன என்பது, தன் பாத்தியில் களை பறித்த நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஒரே நாளில் புரிந்துவிடும். தன் வீட்டில் அம்மாவின் உழைப்புக்கு யாரும் இதுவரை கணக்கு எழுதவில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

பயிருக்குத் தேர்வு அட்டவணை தெரியாது

இடைத்தேர்வு நடக்கிறது என்று நாற்று முற்றாமல் காத்திருக்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் மடையைப் பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். குழுவில் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் முதுகில் சுமை விழும். வயலைச் சுற்றியே நட்பும் சண்டையும் உண்டாகும்.

இயற்கையும் பாடம் நடத்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பிசான நெல்லும் வாழையும் வெள்ளத்தில் மூழ்கின. இந்தப் பள்ளத்தாக்கில் வேளாண்மை படிக்கிற எந்தப் பிள்ளைக்கும், பயிர்க் காப்பீடு என்பது புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அல்ல.

கிராமமே வகுப்பறை

நான்காம் ஆண்டில் மாணவர்கள் மூட்டை முடிச்சோடு கல்லூரியை விட்டுக் கிளம்புகிறார்கள். 'ஊரக வேளாண் பணி அனுபவம்' என்பது பெயர். கிராமத் தங்கல் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது டீன்கள் குழுவின் திட்டப்படி மொத்தம் 20 வாரங்கள். அறிமுகப் பயிற்சி 1 வாரம், கிராமத்தில் 8 வாரம், ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தில் 5 வாரம், பயிர் மருத்துவ நிலையத்தில் 2 வாரம், வேளாண் தொழில் நிறுவனத்தில் 3 வாரம், அறிக்கை தயாரித்து ஒப்படைக்க 1 வாரம். ஆறாவது குழுவின் புதிய பாடத்திட்டம் வந்திருப்பதால், சேரும் ஆண்டைப் பொறுத்து இந்த வாரக்கணக்கு மாறலாம்.

கிராமத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு விவசாயியோடு இணைக்கப்படுகிறார். முதல் வாரம் ஊரைத் தெரிந்துகொள்வது. கோயில் முற்றத்திலோ பள்ளி மைதானத்திலோ கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுகிறார்கள். குளம் எங்கே, கிணறு எங்கே, எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்த மாதம் வேலை இருக்காது என்று ஊர்க்காரர்களே குச்சியை வாங்கி வரைய வேண்டும். மாணவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

மற்ற வாரங்களில் பயிர், பயிர் பாதுகாப்பு, மண், காய்கனி, பதப்படுத்துதல், கால்நடை என்று செயல்விளக்கங்கள். தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவது இவற்றில் விவசாயிகள் அதிகம் விரும்புவது. பென்சில் பருமனுள்ள உயிர்வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் நிரப்பிய பாலித்தீன் பைக்குள் அடிவரை விட்டுக் கட்ட வேண்டும். 40 மில்லி டானிக்கோடு 160 மில்லி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சொன்னால் இரண்டு வரிதான். நல்ல வேரைத் தேடி எடுக்கும்போதுதான் எத்தனை பேருக்குக் கை வருகிறது என்று தெரியும்.

இந்த எட்டு வாரங்களில் உண்மையான ஆசிரியர் விவசாயிதான். விதைப்பாட்டு நிலத்தைக் கோட்டை, மரக்கால் கணக்கில் சொல்வதும், காற்று திரும்புவதை வைத்து மழையைக் கணிப்பதும், வியாபாரியிடம் வாழைத்தாருக்கு விலை பேசுவதும் எந்தச் செய்முறைக் குறிப்பேட்டிலும் இல்லை. "வாங்க தம்பி, ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது மதிப்பெண் மட்டும்தான். "தம்பி, காலையில வந்து மடை திருப்புங்க, பொறவு பேசுவோம்" என்கிற விவசாயியிடம் விழுந்த பிள்ளை அதிர்ஷ்டசாலி.

விற்றுக் காட்டு

கடைசிப் பருவத்தில் 'அனுபவக் கற்றல்'. இங்கே மாணவர்கள் முதலாளிகள். காளான், தேனீ, விதை உற்பத்தி, உயிர் உரம், நாற்றங்கால், கோழி, உணவுப் பதப்படுத்துதல் போன்ற தொழில்களில் தேர்ந்தெடுத்ததை உற்பத்தி செய்து, விற்றுக் கணக்கு காட்ட வேண்டும். சிப்பிக் காளான் படுக்கையில் பூசணம் பரவ 15 முதல் 20 நாள். அறுத்த காளான் அதிக நேரம் தாங்காது. விற்க ஆள் பிடிக்காமல் அறுத்தவர்கள் ஒருமுறை அழுவார்கள். அடுத்த முறை முதலில் வாடிக்கையாளரைத் தேடுவார்கள்.

உலகின் மறுகோடியிலும் இதே முறை உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் 1901ல் தொடங்கிய பாலிடெக்னிக், இன்று பெரிய பல்கலைக்கழகம். 'செய்து கற்றுக்கொள்' என்பதுதான் அதன் முழக்கம். அங்கேயும் வேளாண் மாணவர்கள் பயிரும் கால்நடையும் வளர்த்து, விற்றுப் பார்த்துத்தான் வெளியே வருகிறார்கள். 'பாலிடெக்னிக்' என்றால் நம் ஊரில் பெயின்ட் அடித்த பட்டறையும் மோட்டாரும்தான் ஞாபகம் வரும். அங்கே மாட்டுத் தொழுவமும் அதற்குள் அடக்கம்.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

இதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டு முடித்தவர்களில் பெரும்பாலானோர் கண் வைப்பது வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, மேற்படிப்பு, உரம், விதை, மருந்து நிறுவனங்கள் ஆகியவற்றின் மீதுதான். சொந்த நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. அதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வயலில் எழுதிய கணக்குதான் அவர்களை யோசிக்க வைக்கிறது.

இருந்தாலும் படிப்பு வீணாவதில்லை. வங்கியில் உட்காரும் வேளாண் அலுவலர், நாற்று நட்ட அனுபவத்தோடு பயிர்க்கடன் மனுவைப் பார்ப்பதற்கும், பார்க்காதவர் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மருந்துக் கடையில் நிற்பவர் இலையைப் பார்த்துவிட்டு "இதுக்கு மருந்தே வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு வார்த்தை விவசாயிக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம்.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு 2002ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் மருத்துவமனை மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. பயிற்சி கொடுத்து, வங்கிக் கடனும் மானியமும் பெற வழிகாட்டும் திட்டம் அது. மண் பரிசோதனை, நாற்றங்கால், இயந்திர வாடகை என்று தொடங்கலாம். முருங்கைக்கும் தென்னைக்கும் ஆலோசனை சொல்ல ஒரு பட்டதாரி ராதாபுரம் பக்கம் கடை போட்டால், முதல் வாடிக்கையாளர் அவருடைய அப்பாவாகவே இருக்கலாம்.

சேற்றில் நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்ட அந்த வீட்டுக்கு இதுதான் பதில்: நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் நிற்கிறோம், எவ்வளவு செலவில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கலாம்.

வாசகர் கேள்விகள்

"மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு. வேளாண் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு உண்டா? செலவு தாங்குமா?" (கூடங்குளம்)

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கிறது. விண்ணப்பம் இணையவழி. அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவிகிதம் முன்னுரிமை ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. பள்ளியில் படிப்புச் சான்று இப்போதே வாங்கி வைக்கவும்.

"நான்கு வருஷம் படிக்க வசதி இல்லை. குறைந்த காலப் படிப்பு உண்டா?"

வேளாண்மை, தோட்டக்கலையில் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்புகள் உண்டு. தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன் அது பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதா என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிடுங்கள். அங்கே பயிற்சி வயல் எவ்வளவு, தண்ணீர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வயல் இல்லாத வேளாண் கல்லூரி, கிணறு இல்லாத தோட்டம் மாதிரி.

"சொந்த நிலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளை இதைப் படிக்கலாமா?"

தாராளமாக. பயிர் செய்ய வயலைக் கல்லூரி தருகிறது. நிலம் இருக்கிற பிள்ளைக்குத் தொடக்கத்தில் கை முந்தும். இரண்டாவது பருவத்துக்குள் உழைப்பு அதைச் சமன் செய்துவிடும்.

"எங்கள் ஊருக்குத் தங்கல் மாணவர்கள் வந்தால் அவர்களை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?"

முதலில் மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நெல், கடலை நிலத்துக்கு 15 சென்டிமீட்டர் ஆழம். வாழை, காய்கறிக்கு 22 சென்டிமீட்டர். ஏக்கரில் பல இடங்களில் 'வி' வடிவில் வெட்டி, கலந்து, கால் பங்காகக் குறைத்து அரை கிலோ எடுப்பதை நீங்களும் கூட நின்று பாருங்கள். வரப்போரம், எருக்குவியல், மர நிழலில் எடுக்கவிடாதீர்கள். இரண்டாவது, உங்கள் ஒரு பயிரின் செலவுக் கணக்கை வீட்டு உழைப்பும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் வேலையில் பாதி நாளாவது அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதும் அறிக்கை கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவர்களோடு போகும்.